எட்டில் மூன்று

பில்லில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.
"வேலை எண் நாற்பத்தொன்று. எட்டில் மூன்று"
என்றார் ஃபிரோசா தலால்,
பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டே.
மொத்தமே எட்டுதான் செய்வார்கள்.
எட்டாவது முடிந்த அன்று
அச்சுப் பலகைகளை அறுத்துவிடுவார்கள்.
அறுப்புக்கூலியும் என் கணக்கில் வரும்.

பலார்ட் எஸ்டேட், மூன்றாம் மாடி,
மழைக்காலத்தில் லிஃப்ட் ஓடாது.
வீடுகள் வரைகிற அலுவலகம்.
போன வருஷம் வீடு வரைந்து வந்ததைவிட
நாற்காலி விற்று வந்தது அதிகம்.
இது எனக்கும் ஆடிட்டருக்கும் மட்டும் தெரியும்.

உயரம் எடுத்தது என்னை வைத்து.
மார்ச் கடைசி வாரம்,
நான் அசையாமல் ஜிஎஸ்டியில் கிடந்தேன்.
"இந்த ஆபீஸில் நீ ஒருத்திதான் ஒழுங்காக உட்காருகிறாய்,
செருப்பைக் கழற்று" என்று
தரையிலிருந்து முட்டி மடிப்புவரை டேப் பிடித்தார்.
பதினைந்தே கால் அங்குலம்.
ரேஷன் கடை வரிசையில் என்னை மறைத்துவிடுகிற
அதே குட்டைக் கால்கள்.

தேக்கு, லால்பாகில் இடித்த ஒரு மில்லின் உத்திரம்.
ஆணி இருந்த துளையை அடைக்காதே என்று உத்தரவு.
வடாலா பட்டறையிலிருந்து பன்வர்லால் சுதார்
வாய்ஸ் மெசேஜில் மணிக்கணக்கு அனுப்புவார்,
பின்னணியில் ரந்தா இழுக்கும் சத்தத்தோடு.
ஒரு நாற்காலிக்கு இருநூற்றுப் பத்து மணி நேரம்.
ஒரு நிமிஷம் குறைத்துப் போட்டாலும்
மறுநாள் காரை எடுத்துக்கொண்டு நேரில் வருவார்.

முன்னால் இரண்டு கால்,
பின்னால் ஒன்றே ஒன்று.
அதுவே வளைந்தேறி முதுகாகிறது.

கலைப்பொருள் என்றால் ஒரு வரி.
மரச்சாமான் என்றால் அதற்கு மேல்.
கொலாபா கேலரியில் 'சிற்பம்' என்று எழுதியிருந்தார்கள்.
நோட்டீஸ் வந்தது. பின்னாலேயே
சூப்பரின்டென்டென்ட் அறவாழி வந்தார்.
ஃபைலில் ஜெபக்கனி என்ற என் பெயரைப் பார்த்ததும்
இந்தியை மூடி வைத்துவிட்டு
"இதுல உக்காரலாமா மேடம்?" என்றார்.

கேலரிக்காரி தாரிணி கபாடியாவுக்குத் தமிழ் தெரியாது.
கேள்வி மட்டும் புரிந்துவிட்டது.
வெள்ளைக் கயிற்றைக் காட்டினாள்.
அவர் கயிற்றைத் தாண்டி உட்கார்ந்தார்.
ஆறடி ஆள். முட்டி இரண்டும் மார்பில் இடிக்க
கோழி அடைகாப்பதுபோல் இருந்தார்.
"உக்கார முடியல. சிற்பம்தான் போல" என்று எழுந்தார்.
தாரிணியின் முகத்தில் வரி குறைந்தது.

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.
நாற்பது லட்சத்துக்கு விலை போட்ட பொருள்,
வித்தியாசத் தொகை என் ஆறு மாதச் சம்பளத்துக்கு மேல்.
செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்
உட்கார்ந்தேன்.

உள்ளங்கால் முழுதும் தரையில்.
கீழ்முதுகில் மரம் வந்து நின்றது,
பஸ்ஸில் பின்னால் நிற்பவர் இடிக்காமல் நிற்பதுபோல்.
என் கை தொங்கிய இடத்தில் அந்த ஆணித்துளை.
சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன்.

அறவாழி எழுதத் தொடங்கி, நிறுத்தினார்.
"மூணு காலுதான் இருக்கு.
நாற்காலின்னு எழுதினா செல்லுமா?"
"என் காலையும் சேத்துக்குங்க சார்."
"அப்ப அஞ்சாயிடுதே."
"ஒண்ணு கூட வந்தா பரவாயில்ல,
குறையக் கூடாது."

ஃபிரோசா திட்டுவார் என்று நினைத்தேன்.
அவர் குனிந்து
என் முட்டிக்கும் பலகைக்கும் நடுவில்
எத்தனை விரல் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.
"நான்காவதில் கால் அங்குலம் குறைக்க வேண்டும்."

சாயங்காலம் வித்தியாசத் தொகையைப் பதிய
ஒரு தலைப்பும் பொருந்தவில்லை.
அவர் கொண்டையிலிருந்து பென்சிலை உருவி எழுதினேன்:
உட்கார்ந்த வகையில்.

ஆடிட்டர் கேட்பார்.
கேட்கட்டும்.